பிரேதத்துக்கு ஏற்ற தெரு

14.03.2006

லலிதாவுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துசேர இரண்டு நாள் எடுக்கும். நான் இருப்பது மூடிக் கிடக்கும் பேக்கரிக்கு மேல்மாடியில், நீ இருப்பது நேர் எதிர்வீட்டில். யன்னலைத் திறந்து எறிந்தால் உன் ரோஜாச் செடிக்குள் விழும். ஆனாலும் முத்திரை ஒட்டி மஞ்சள் தபால் பெட்டியில் போடுகிறேன். அது ஹம் நகரத்துத் தபாலகம் வரைக்கும் போய், அங்கே நாலு பேர் கை பட்டு, திரும்பி வந்து, இந்தத் தெருவைக் கடக்கட்டும். நேற்றைய கூட்டத்துக்குப் பிறகு நமக்கிடையே அவ்வளவு தூரம் இருப்பதுதான் சரி.

முதலில் பாராட்டு. உன் ஜெர்மன் இவ்வளவு வளர்ந்தது எனக்குத் தெரியாது. ஒரு காலத்தில் பல் வைத்தியரிடம் போனாலும் "அண்ணை, நீங்கள் கதையுங்கோ" என்று எனக்குப் பின்னால் ஒளிந்தவள் நீ. பல்லைப் பிடுங்கியது உனக்கு, கத்தியது நான்.

கட்டட அனுமதி கொடுக்கும் கந்தோரிலிருந்து வந்த பெண் என் விண்ணப்பத்தைத் திரையில் போட்டுக் காட்டினாள். பேக்கரியை மரணச்சடங்கு இல்லமாக மாற்ற வேண்டும், அவ்வளவுதான். எரிப்பது இங்கே இல்லை, அது நகரத்துச் சுடலையில். இங்கே நம் சனம் பிரேதத்தைக் குளிப்பாட்டி, உடுத்தி, கிரியை செய்து, ஆறுதலாக அழுதுவிட்டுப் போகலாம் என்று நானும் எழும்பிச் சொன்னேன். தெருச் சனத்துக்கு விருப்பமில்லை. ஆனால் சொல்ல வெட்கம். வெளிநாட்டுக்காரனை எதிர்க்கிறார்கள் என்று பெயர் வந்துவிடுமே. உன் பக்கத்து வீட்டு ஃபிரவ் ஹோல்ட்காம்ப் கார் நிறுத்த இடம் காணாது என்றாள். இன்னொருவர் மரங்களை நினைத்துக் கவலைப்பட்டார். எந்த மரம் என்று கந்தோர்ப் பெண் கேட்டபோது அவருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் களைத்துப்போய் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அப்போதுதான் நீ எழும்பினாய். நீ சொன்னதைத் தமிழில் போட்டால் இப்படி வரும்: "எங்கட சனமே பிரேதம் வைக்கிற தெருவுக்கு நல்ல காரியம் பேச வராது. இது வீடுகள் இருக்கிற இடம்."

அந்த மண்டபத்தில் வந்த நிம்மதியை நீ பார்த்திருக்க வேண்டும். அவர்கள் நெஞ்சுக்குள் வைத்திருந்ததை ஒரு சேலைக்காரி வந்து சொல்லிவிட்டாள். கைதட்டினார்கள், லலிதா. உன் மனுசன் தங்கராசா மச்சான் உனக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, பரிசு வாங்கிய பிள்ளையின் தகப்பன் மாதிரி இருந்தார்.

ஒன்றை மட்டும் எழுது. அதை அவர் சொல்லித் தந்தாரா, நீயாகச் சொன்னாயா?

அண்ணன்
குணசேகரம்


20.03.2006

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் வந்த நேரம் இவர் வேலையில். நல்ல காலம். உங்களோடு ரெலிபோனில் கதைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அவர் சொல்லாவிட்டாலும் நான் எடுத்திருக்க மாட்டேன். உங்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். கடிதத்தில் அழுதால் உங்களுக்குத் தெரியாது.

இவர் சொல்லித் தரவில்லை. நானாகத்தான் சொன்னேன். கைதட்டுவார்கள் என்று நினைக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

நீங்கள் எல்லாவற்றையும் பகிடியாக்கிவிடுவீர்கள். மகள் லவினியாவுக்கு வயது இருபத்திரண்டு. போன சம்பந்தம் ஏன் குழம்பியது என்று உங்களுக்கு நான் சொல்லவில்லை. மாப்பிள்ளை பகுதி வந்து இறங்கிய நேரம் எங்கள் வாசலில் உங்கள் ஃபிர்மாவின் பிரேதம் ஏற்றும் கறுப்புக் கார் நின்றது. நீங்கள் உள்ளே இருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். அவர்கள் தேத்தண்ணீரைத் தொடாமல் போனார்கள். இப்போது இன்னொரு இடம் வந்திருக்கிறது. பொடியன் எர்லாங்கனில் பெரிய எலெக்ட்ரோனிக் கொம்பனியில் இஞ்சினியர். தாய் தகப்பன் நோர்வேயில். தகப்பன் சிற்றம்பலம் அங்கே கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்பவராம். சகுனம் பார்க்கிற ஆட்கள். அவர்கள் காரை விட்டு இறங்கும்போது எதிரே உங்கள் மண்டபத்தில் ஒரு பெட்டி இறங்கினால், நான் என்ன செய்வது?

இது ஒரு காரணம். மற்றதை எழுதலாமோ தெரியவில்லை.

நான் முதியோர் இல்லத்தில் குசினியில் வேலை செய்கிறேன் என்றுதான் இவரின் சொந்தங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன வேலை என்று உங்களுக்கும் இவருக்கும் மட்டும் தெரியும். இந்த மாரியில் எத்தனை பேருக்குக் கண்ணை மூடி, கழுவி, நாடியைக் கட்டிவிட்டேன் என்று நான் எண்ணுவதில்லை. பிறகு பின்வாசலில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், கறுப்புக் கார் வரும். சில நாள் நீங்களே வந்தீர்கள். நான் வீட்டுக்கு வந்து முழுகிவிட்டு, குசினி யன்னலில் தேத்தண்ணீரோடு நிற்பேன். எதிரே பேக்கரி. பூட்டிக் கிடந்தாலும் அது பாண் விற்ற இடம். எனக்கு அந்த ஒரு யன்னலிலாவது சாவு இல்லாமல் இருக்கட்டும் அண்ணை.

றீற்றா மச்சாளை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

லலிதா


02.04.2006

லலிதாவுக்கு,

இடியப்பத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். சொதி நன்றாக இருந்தது, அதனால்தான் நேரம் எடுத்தது.

உன் கடிதத்தை றீற்றாவுக்கு வாசித்துக் காட்டினேன். நீ குப்பைத் தொட்டியைப் பற்றி எழுதிய இடத்தில் அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அவள் மன்னார்க்காரி, வேதக்காரி. அவளுடைய ஆட்களுக்கு இங்கே ஒரு கஷ்டமும் இல்லை. மாதா கோயில் இருக்கிறது, சாமியார் இருக்கிறார், சவக்காலையில் இடம் இருக்கிறது. அவள் செத்தால் முன்வாசலால் போவாள், மணி அடிக்கும். நான் செத்தால் நீ சொல்லும் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தால்தான் போவேன். கலியாணம் கட்டியபோது இதை யோசிக்கவில்லை.

நான் பதினொரு வருடம் அந்த ஜெர்மன் ஃபிர்மாவின் கறுப்புக் காரை ஓட்டினேன். எங்கள் சனத்துக்குச் சுடலையில் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன். குளிப்பாட்ட இடமில்லை. கார் நிறுத்துமிடத்தில், ஆலங்கட்டி மழையில், குடை பிடித்துக்கொண்டு தேங்காய் உடைத்தார்கள். பந்தம் பிடிக்க வந்த பேரப்பிள்ளைகளிடம் நெருப்பு மணி அடித்துவிடும் என்று சொல்லி, பற்றரியில் எரியும் பிளாஸ்ரிக் மெழுகுதிரி கொடுத்தார்கள். ஐயர் பாதி மந்திரத்தில் நிற்கும்போது ஒருத்தன் வந்து மணிக்கூட்டைக் காட்டி, அடுத்த ஆட்களின் ரெர்மினுக்கு நேரமாகிவிட்டது என்றான். அந்த வீட்டுப் பெண் "கொஞ்சம் பொறுங்கோ தம்பி, இன்னும் நான் அழவே இல்லை" என்று தமிழில் சொன்னாள். அவனுக்கு விளங்கவில்லை. மொழிபெயர்க்க வேண்டிய நான் காரில் ஏறி இருந்துவிட்டேன்.

அதனால்தான் வேலையை விட்டேன். கையில் இருந்தது முழுவதும் அந்தப் பேக்கரியில்தான் கிடக்கிறது. உனக்குச் சாவைக் காட்ட நான் மண்டபம் கேட்கவில்லை. முன்வாசல் உள்ள ஓர் இடம் கேட்கிறேன்.

குடியிருப்புப் பகுதியில் இப்படியான இடத்துக்கு அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் கந்தோரின் விருப்பம். அயலவர் ஆட்சேபம் பலமாக இல்லாவிட்டால் கொடுத்துவிடுவோம் என்று அந்தப் பெண் எனக்குத் தனியே சொன்னாள். பலமான ஆட்சேபம் உன்னுடையது ஒன்றுதான். கார் நிறுத்துமிடத்துக்கு நான் பதில் சொல்லலாம், உனக்கு என்ன பதில் சொல்வது? இந்த மாதம் முடிவதற்குள் இரண்டு வரி எழுதிப் போடு. சொன்னதை மீளப் பெறுகிறேன் என்று. காரணம் எழுதத் தேவையில்லை.

கறுப்புக் காரைப் பின்தெருவில் நிறுத்துகிறேன். வேண்டுமென்றால் வெள்ளை அடிக்கிறேன், ஐஸ்கிறீம் விற்பவன் மாதிரி.

அண்ணன்
குணசேகரம்


25.06.2006

அன்புள்ள அண்ணைக்கு,

தெரு முழுக்க உதைபந்தாட்டக் கொடி. ஃபிரவ் ஹோல்ட்காம்ப் எங்களுக்கும் ஒன்று கொண்டுவந்து தந்தாள். பத்து வருடமாக "காலை வணக்கம்" மட்டும் சொன்னவள், கூட்டத்துக்குப் பிறகு கேக் செய்தால் ஒரு துண்டு கொண்டுவருகிறாள். அந்தக் கேக்கை நான் தொடுவதில்லை என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். இவர் சாப்பிடுகிறார்.

நான் அந்த இரண்டு வரியை எழுதினேன். எழுதிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். மாதம் முடிந்துவிட்டது. இதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள்.

நீங்கள் தொழிற்பேட்டைக்கு இடம் மாறிவிட்டீர்கள் என்று சாமான் கடையில்தான் கேள்விப்பட்டேன். லொறி வந்து ஏற்றிய அன்று நான் வேண்டுமென்றே மேலதிக வேலை கேட்டு எடுத்தேன்.

நோர்வேக்காரர் வந்து பெட்டையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிடித்துக்கொண்டது. நிச்சயம் ஒக்ரோபரில் எங்கள் வீட்டில். பொடியனின் அம்மா நல்ல மனிசி, மெல்லிய குரல், என் கையைப் பிடித்துக்கொண்டே கதைத்தா. அவதான் கேட்டா, பெட்டையின் தாய்மாமன் எங்கே, கலியாணத்தில் அவர் செய்ய வேண்டிய முறைகள் இருக்கே என்று.

இவர் என்னைப் பார்த்தார். அண்ணை கனடாவில் என்று சொல்லிவிட்டேன்.

பிரேதம் தூக்குகிற கை பெட்டையின் தலையில் அறுகரிசி போட்டு வாழ்த்துவதோ என்று கேட்கக்கூடிய ஆட்கள் அண்ணை. கலியாணம் முடியட்டும். பிறகு மெல்ல மெல்லச் சொல்லலாம். அதுவரைக்கும் அவர்கள் வரும் நாட்களில் இந்தப் பக்கம் வரவேண்டாம். கோபிக்க வேண்டாம்.

லலிதா


கனடா, 03.07.2006

லலிதாவுக்கு,

இங்கே நல்ல குளிர். பனி முழங்கால் மட்டும். நேற்று ஒரு கரடி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

என் கனடாவுக்கு ஒருபக்கம் பழைய கார் நெரிக்கும் இடம், மறுபக்கம் சொசேஜ் தோல் களஞ்சியம். பஸ் கடைசியாக நின்று திரும்பும் இடத்திலிருந்து நடக்க வேண்டும். இங்கே பிரேதங்களைக் குளிர் அறையில் வைத்திருக்கலாம், பெட்டி அடுக்கலாம், கார் கழுவலாம். எல்லாவற்றுக்கும் அனுமதி கிடைத்தது, முகத்தில் சிரிப்போடு கொடுத்தார்கள். அதே கையோடு, அஞ்சலி மண்டபம் ஒன்றும் போடட்டுமா, இங்கே அயலவர் யாரும் இல்லையே என்று கேட்டேன். முடியாதாம். தொழிற்பேட்டையில் லொறிச் சத்தம், இரும்பு நெரிக்கும் சத்தம். துக்கம் காக்கும் மனிதருக்கு வேண்டிய அமைதியும் கண்ணியமும் இங்கே இல்லை என்று அந்தக் கந்தோர்ப் பெண் மிக மரியாதையாக விளக்கினாள். அமைதி உள்ள இடம் எது என்று கேட்டேன். குடியிருப்புப் பகுதி என்றாள்.

ஆக, அங்கே உயிரோடு இருப்பவர்களுக்குப் பிரேதம் இடைஞ்சல். இங்கே அழுகிறவர்களுக்கு லொறி இடைஞ்சல். செத்தவரை வைக்க இந்த ஊரில் இடம் உண்டு, அவருக்குப் பக்கத்தில் நிற்கத்தான் இடம் இல்லை.

பேக்கரிக்கான மறுப்பில் உன் வசனத்தைக் கந்தோர் மொழியில் போட்டிருக்கிறார்கள். "விண்ணப்பதாரரின் சொந்தச் சமூகத்தினரின் உணர்வுகளையும் கருத்தில் கொண்டு." என் உணர்வையும் அதற்குள் சேர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அவர்களை நான் கோபிக்கவில்லை. அவர்கள் தெருவையும் தொழிற்பேட்டையையும்தான் பிரித்துக் கோடு போட்டார்கள். நீ ஒரு சமுத்திரத்தையே நடுவில் போட்டுவிட்டாய். அந்தக் கந்தோரில் உனக்கு வேலை கேட்டுப் பார்.

அண்ணன்
குணசேகரம்


17.10.2006

மதிப்புக்குரிய திருமதி லலிதா தங்கராசா அவர்களுக்கு,

கோடையில் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. எனவே இதை ஃபிர்மா முறையில் எழுதுகிறேன். உங்கள் சம்பந்தி அம்மாவின் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள். எங்கள் சேவையை நாடியமைக்கு நன்றி.

நிச்சயத்துக்கு வந்த மனிசி உங்கள் வீட்டுப் படியில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை விடியப்புறம் மோசம் போய்விட்டா. கோயில்காரர் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். சிற்றம்பலம் எடுத்தார். குளிப்பாட்டி, உரலில் சுண்ணம் இடித்து, எல்லா முறையும் செய்துதான் அனுப்ப வேண்டும், அதற்கு இங்கே ஒரு மண்டபம் இல்லையோ என்று கேட்டார். அப்படி ஒரு மண்டபம் இந்த ஊரில் இல்லை ஐயா என்றேன். இதைச் சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று பல தடவை நினைத்திருந்தேன். இருக்கவில்லை.

அப்படியென்றால் சம்பந்தி வீட்டிலேயே வைப்போம் என்றார். சட்டத்தில் அதற்கு ஒரு தடையும் இல்லை. மண்டபம் போடத்தான் கூடாதே தவிர, யாரும் தன் சொந்தப் பிரேதத்தை ஒன்றரை நாள் தன் வீட்டில் வைத்திருக்கலாம், எந்தத் தெருவானாலும்.

ஞாயிறு காலையில் நானும் என்னோடு தூக்க வரும் ஜெர்மன்காரனும் பெட்டியோடு வந்தோம். கதவைத் திறந்தது நீங்கள். உங்களுக்குப் பின்னால் நின்ற சிற்றம்பலம், "தமிழ் ஆளோ? உங்களுக்குத் தெரிஞ்சவரோ?" என்று கேட்டார்.

"இல்லை மாமா, ஃபிர்மா ஆள்" என்றீர்கள். பிறகு என்னிடம், "நீங்கள் கராஜ் பக்கத்தால வாங்கோ."

வந்தோம். அதற்குப் பிறகு அன்று முழுவதும் நான் ஜெர்மனில்தான் பேசினேன், கவனித்திருப்பீர்கள். உன் ஆட்களோடு நீ ஏன் ஜெர்மன் பேசுகிறாய் என்று தூக்க வந்தவன் காரில் கேட்டான். கனடாவிலிருந்து வந்த களைப்பு என்றேன். அவன் மேலே கேட்கவில்லை, நல்ல பிள்ளை.

ஃபிர்மா ஆள் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். குளிப்பாட்டும்போது நான் கராஜ் கதவுக்கு வெளியே நின்றேன். பிளேனில் வந்திறங்கிய அவர்களுடைய பெண்கள் சட்டையைக் கழற்றத் தெரியாமல் கையை இழுத்து, அழுது, ஆளையாள் ஏசியது கேட்டது. பிறகு உங்கள் குரல் கேட்டது. "தள்ளுங்கோ." அதற்குப் பிறகு தண்ணீர்ச் சத்தமும், "இப்ப இந்தப் பக்கம் திருப்பப் போறன் அம்மா, பயப்பிடாதேங்கோ" என்று நீங்கள் செத்தவவிடம் சொல்லிச் சொல்லிச் செய்ததும்தான். எங்கே பழகினாய் பிள்ளை என்று ஒருத்தி கேட்க, ஊரில் பழக்கம் என்றீர்கள். ஊரை விட்டு வரும்போது உங்களுக்குப் பதினேழு வயது.

இந்தத் தொழிலில் அப்படி ஒரு வேலையை நான் கேட்டதில்லை. என் மண்டபத்தில் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
குணசேகரம்
(ஃபிர்மா ஆள்)


05.11.2006

அண்ணை,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் கிழித்தேன். பிறகு ஒட்டினேன். அவர்கள் எல்லோரும் எனக்குப் பின்னால் நின்றார்கள். வேறு என்ன சொல்லியிருப்பேன் என்று நீங்களே சொல்லுங்கள். இல்லை, சொல்ல வேண்டாம்.

கலியாணம் ஒரு வருடம் தள்ளிப் போய்விட்டது. துடக்கு வீட்டில் உடனே செய்ய ஏலாது. சிற்றம்பலம் மாமா ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோன் எடுக்கிறார். என் மனிசிக்கு உன்ர வீட்டில ஒரு குறையும் இல்லாமல் நடந்தது பிள்ளை என்று சொல்லி அழுகிறார். அந்த ஃபிர்மா ஆளை நினைவாக விசாரிக்கச் சொல்கிறார். அந்த ஆளின் மூக்கும் லவினியாவின் மூக்கும் ஒரே மாதிரி என்று கண்டுபிடித்தும் வைத்திருக்கிறார். தமிழருக்கு அப்படித்தான் மூக்கு என்று இவர் சமாளித்தார்.

இப்போது வேறு கரைச்சல். சுண்ணம் இடித்த சத்தத்தை ஃபிரவ் ஹோல்ட்காம்ப் ஞாயிற்றுக்கிழமையில் அனுமதியில்லாத கட்டட வேலை என்று நினைத்தாளாம். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்திருக்கிறாள். உரலும் உலக்கையும் வெள்ளைச் சேலையும் பெட்டியும். ஆறு வீட்டுக்காரர் சேர்ந்து எழுதிப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் வீட்டைக் களவாக மரணச்சடங்குத் தொழிலுக்குப் பாவிக்கிறோமோ என்று கந்தோர் விளக்கம் கேட்டிருக்கிறது. நான் அவளிடம் போனேன். கேக் கொண்டுபோனேன் அண்ணை, நானே செய்து. கதவைப் பாதி திறந்தபடி, "நீங்கள் தானே கூட்டத்தில் சொன்னீர்கள், இது வீடுகள் இருக்கிற இடம் என்று?" என்றாள். கேக்கை வாங்கிக்கொண்டாள்.

தொழில் என்று முடிவு செய்தால் தண்டமும் வழக்கும் வருமாம். செத்தவ எங்கள் சொந்தம் என்று காட்ட எங்களிடம் ஒன்றுமில்லை, நிச்சயம்கூட முடியவில்லை. ஃபிர்மாக்காரர் எழுதிக் கொடுத்தால் போதும் என்கிறார்கள். நீங்கள் என் தமையன் என்றும், அன்று தொழிலுக்கு இல்லை, சொந்தத்துக்காக வந்து உதவி செய்தீர்கள் என்றும். அண்ணையைக் கேள் என்று இவரே சொன்னார். நீங்கள் போன பிறகு உங்களை அண்ணை என்று இவர் சொன்னது இதுதான் முதல் தரம்.

ஒன்று மட்டும். கந்தோருக்கு மட்டும் எழுதுங்கள். மாப்பிள்ளை பகுதிக்குத் தெரிய வேண்டாம். இன்னும் ஒரு வருடம்தானே.

உங்கள் தங்கச்சி
லலிதா


11.11.2006

லலிதா,

நீ கேட்டது நேற்றுக் கந்தோருக்குப் போய்விட்டது. உனக்குப் பிரதி வைக்கவில்லை, வீட்டில் கிடந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள்.

மண்டபத்துக்கு மேல்முறையீடு செய்யப் போவதில்லை. அதற்கு வக்கீல் கேட்ட முதல் கேள்வி, ஆட்சேபம் சொன்னவர் உங்களுக்கு உறவா என்பது. தொழிற்பேட்டை இடத்தை வருட முடிவில் விடுகிறேன். பழைய ஃபிர்மா மறுபடியும் சாரதியாக எடுத்துக்கொண்டது. முதலாளிக்கு நல்ல சந்தோஷம், கறுப்புக் கோட்டைக்கூட வைத்திருந்தார். இப்போது வயிற்றில் பூட்டுப்படவில்லை, றீற்றா பொத்தானை நகர்த்தித் தைக்கிறாள்.

கந்தோருக்கு எழுதியது ஒரே வசனம்தான். அன்று அந்த வீட்டுக்கு நான் வந்தது தொழிலுக்காக அல்ல, அந்த வீட்டுப் பெண்ணின் கூடப்பிறந்த தமையன் என்ற முறையில் என்று.

ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியபோது என் அகதி அன்றாக்கில், அந்த விண்ணப்பத்தில், உண்மையைத்தான் எழுதினேன். அதை அவர்கள் கடைசி வரைக்கும் நம்பவில்லை. இந்த நாட்டுக் கந்தோருக்கு நான் எழுதிக் கொடுத்த முதல் பொய் இது. இதை நம்பிவிடுவார்கள்.

குணசேகரம்